மலைப்பாதைக்கு ஏற்ற ஹைபிரிட் கார்: எந்த வேரியன்ட், எந்த வசதி?

இடுக்கி மாவட்டத்தின் உடும்பன்சோலை வட்டத்தில், ஏலத்தோட்டங்களுக்கு நடுவே அமைந்தது சாந்தன்பாறை. அங்கு வாழும் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றுக்கு வாழ்க்கை இரண்டு மாநிலங்களிலும் பரந்து கிடக்கிறது. தோட்டமும் வேலையும் மலைமேல் இருக்க, உறவினர், மருத்துவமனை, பிள்ளைகளின் கல்லூரி ஆகியவை போடிநாயக்கனூரிலும் தேனியிலும் மதுரையிலும் இருக்கின்றன. பூப்பாறை வழியாகப் போடிமெட்டை அடைந்து, பதினேழு கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கி, மீண்டும் ஏறி வருவது இவர்களுக்கு வழக்கமான பயணம். இத்தகைய குடும்பம் ஒன்று தனது முதல் ஹைபிரிட் காரை வாங்க முற்படும்போது ஷோரூமில் நீண்டதொரு விலைப்பட்டியலை எதிர்கொள்கிறது. ஒரே காரில் பல வேரியன்ட்கள் உள்ளன; அவற்றில் மிக எளியதற்கும் மிக உயர்ந்ததற்கும் இடையே பல இலட்சம் ரூபாய் வேறுபாடு இருக்கிறது. எதற்குப் பணம் கொடுப்பது, எதை விட்டுவிடுவது என்பதை நாம் இக்கட்டுரையில் படிப்படியாகக் காண்போம். சாந்தன்பாறையை எடுத்துக்காட்டாகக் கொண்டாலும், கொடைக்கானல், வால்பாறை, நீலகிரி போன்ற மலைப்பகுதிகளில் வாழும் வாடிக்கையாளர்களுக்கும் இம்முறை பொருந்தும்.

1. ஒரே பெயர், இரண்டு பொருள்

பெட்ரோல் எஞ்சினும் மின்மோட்டாரும் சேர்ந்து இயக்கும் காரையே ஹைபிரிட் என்கிறோம். 1997-இல் ஜப்பானில் டொயோட்டா பிரியஸ் விற்பனைக்கு வந்தபோது இத்தொழில்நுட்பம் பெருமளவில் சாலைக்கு வந்தது. இந்தியாவில் நடுத்தரக் குடும்பங்களின் கைக்கு ஓரளவு எட்டும் விலையில் அது வந்தது 2022-இல்தான். அவ்வாண்டில் ஹோண்டா சிட்டி, டொயோட்டா அர்பன் குரூசர் ஹைரைடர், மாருதி சுசுகி கிராண்ட் விட்டாரா ஆகியவற்றின் ஹைபிரிட் கார்கள் அறிமுகமாயின.

விலைப்பட்டியலில் "ஹைபிரிட்" என்ற சொல் இருவேறு பொருள்களில் வருவதை வாசகர்கள் முதலில் அறிய வேண்டும். மைல்டு ஹைபிரிட் காரில் உள்ள சிறிய மோட்டார், எஞ்சினை நிறுத்தித் தொடங்கவும், வேகமெடுக்கும்போது சிறிது கைகொடுக்கவும் மட்டுமே பயன்படும். மின்சாரத்தால் மட்டும் அக்கார் ஓடாது. ஸ்ட்ராங் ஹைபிரிட் கார், தேவைப்படும்போது எஞ்சினை முற்றிலும் நிறுத்திவிட்டு மின்மோட்டாரால் மட்டும் சிறிது தூரம் ஓடும். அதற்கு வெளியிலிருந்து மின்னேற்றம் செய்யத் தேவையில்லை; ஓடும்போதும் வேகத்தைக் குறைக்கும்போதும் தானே மின்னேற்றிக்கொள்ளும்.

கிராண்ட் விட்டாராவின் அறிமுக காலத்து விவரங்கள் இவ்வேறுபாட்டைத் தெளிவாகக் காட்டும். அதன் மைல்டு ஹைபிரிட் வேரியன்டில் 103 குதிரைத்திறன் கொண்ட நான்கு சிலிண்டர் எஞ்சின் உண்டு. சான்றளிக்கப்பட்ட மைலேஜ், கைக்கியரில் லிட்டருக்கு 21.11 கி.மீ., தானியங்கிக் கியரில் 20.58 கி.மீ. ஸ்ட்ராங் ஹைபிரிட் வேரியன்டில் 92 குதிரைத்திறன் கொண்ட மூன்று சிலிண்டர் எஞ்சினும் மின்மோட்டாரும் சேர்ந்து ஏறத்தாழ 116 குதிரைத்திறன் தருகின்றன. சான்றளிக்கப்பட்ட மைலேஜ் 27.97 கி.மீ. ஆகவே விளம்பரத்தில் ஹைபிரிட் என்று கண்டவுடன், "இது மைல்டா, ஸ்ட்ராங்கா?" என்பதே நாம் கேட்க வேண்டிய முதற்கேள்வி.

2. மலை இறக்கமும் பாட்டரியின் அளவும்

"மலையிறங்கும்போது பாட்டரி நிரம்பும், ஆகவே மலைவாழ் மக்களுக்கே ஹைபிரிட் மிகவும் ஏற்றது" என்ற கருத்து பரவலாக உள்ளது. இதில் ஒரு பகுதி உண்மை. எவ்வளவு உண்மை என்பதை ஓர் எளிய கணக்கால் அளந்து பார்ப்போம்.

ஆட்களுடன் 1,500 கிலோ எடையுள்ள கார் 1,000 மீட்டர் உயரத்திலிருந்து கீழே இறங்கினால், வெளிப்படும் ஆற்றல் ஏறத்தாழ 4 யூனிட் மின்சாரத்துக்குச் சமம். அதில் ஒரு பகுதி காற்றின் தடையிலும் சக்கரங்களின் உராய்விலும் கழிந்துபோகும். மீதியைச் சேமித்து வைக்க, மேற்கூறிய ஸ்ட்ராங் ஹைபிரிட் கார்களில் உள்ள பாட்டரியின் மொத்தக் கொள்ளளவு 0.76 யூனிட் மட்டுமே. அதிலும் முழுவதையும் பயன்படுத்தாதபடி கணினி காத்துக்கொள்ளும். ஆகவே போடிமெட்டிலிருந்து இறங்கும் கார், பாதி வழியை எட்டுமுன்னரே பாட்டரியை நிரப்பிக்கொள்ள வாய்ப்புண்டு. அதன்பின் வரும் ஆற்றலைச் சேமிக்க இடமில்லை.

இதனால் இரண்டு நடைமுறைப் பாடங்கள் கிடைக்கின்றன. முதலாவது, இறக்கத்தில் கியர்த் தண்டை "பி" நிலையில் வைத்து ஓட்டப் பழக வேண்டும். அந்நிலையில் பாட்டரி நிரம்பியபின்னும் எஞ்சினின் தடை வேகத்தைக் கட்டுப்படுத்தும். பிரேக் அளவுக்கு மீறிச் சூடேறாது. இரண்டாவது, நீண்ட ஏற்றத்தில் பாட்டரியின் சேமிப்பு விரைவில் குறைந்து, காரின் சுமை பெரும்பாலும் எஞ்சின்மீதே விழும். ஆகவே சோதனை ஓட்டத்தை ஷோரூம் இருக்கும் சமவெளி நகரத்தில் முடித்துவிடாமல், குடும்பத்தினரை ஏற்றிக்கொண்டு ஏற்றமான சாலையில் நடத்தித் தரும்படி விற்பனையாளரைக் கேட்பது நம் உரிமை. சமவெளியில் அமைதியாக ஓடும் மூன்று சிலிண்டர் எஞ்சின், ஏற்றத்தில் எழுப்பும் ஒலி நமக்கு ஏற்புடையதா என்பதும் அங்கேதான் தெரியும்.

ஸ்ட்ராங் ஹைபிரிட்டின் முழுப் பயன் நகரத்து நெரிசலிலும், நின்று நின்று செல்லும் சாலையிலும், ஏற்றமும் இறக்கமும் மாறி மாறி வரும் பாதையிலும் கிடைக்கும். சாந்தன்பாறையிலிருந்து இராஜகுமாரி, நெடுங்கண்டம் போன்ற ஊர்களுக்குச் செல்லும் பாதைகள் இம்மூன்றாம் வகையைச் சேர்ந்தவை. அங்கு பாட்டரி நிரம்புவதும் குறைவதும் மாறி மாறி நிகழ்வதால் சேமிப்பு நன்றாகவே இருக்கும்.

3. எரிபொருள் சேமிப்பைக் கணக்கிடும் முறை

சான்றளிக்கப்பட்ட மைலேஜ் சோதனைக்கூடத்தில் அளக்கப்படுவது. வெவ்வேறு கார்களை ஒப்பிட அது உதவும்; நம் மாதச் செலவைக் கணக்கிட உதவாது. கணக்கிடுவதற்கு, ஏற்றத்தாழ்வுள்ள சாலைக்கெனக் குறைத்து மதிப்பிட்ட எண்களையே கொள்வோம். ஸ்ட்ராங் ஹைபிரிட்டுக்கு லிட்டருக்கு 20 கி.மீ., மைல்டு ஹைபிரிட் கைக்கியருக்கு 16 கி.மீ., தானியங்கிக்கு 15 கி.மீ., பெட்ரோல் லிட்டருக்கு 105 ரூபாய் என வைத்துக்கொள்வோம். இவை விளக்கத்திற்கான எண்கள். வாசகர்கள் தத்தம் எண்களை இட்டுப் பார்க்கலாம்.

ஆண்டுக்கு 12,000 கி.மீ. ஓடுவோருக்குக் கைக்கியர் கார் 750 லிட்டரும், ஸ்ட்ராங் ஹைபிரிட் 600 லிட்டரும் செலவழிக்கும். மிச்சம் 150 லிட்டர், அதாவது 15,750 ரூபாய். வாங்கும் விலையில் வேறுபாடு 3 இலட்சம் ரூபாய் எனில், அதை மீட்கப் பத்தொன்பது ஆண்டுகள் ஆகும். ஆண்டுக்கு 24,000 கி.மீ. ஓடுவோருக்கும் ஒன்பதரை ஆண்டுகள் ஆகும்.

இவ்வொப்பீட்டில் ஒரு குறை உண்டு. ஸ்ட்ராங் ஹைபிரிட்டில் கிளட்ச் இல்லை. அது தானியங்கிக் கார். அதைத் தானியங்கிக் காரோடு ஒப்பிடுவதே முறை. அவ்வாறு ஒப்பிட்டால் 800 லிட்டருக்கும் 600 லிட்டருக்கும் இடையே 200 லிட்டர் மிச்சமாகும், 12,000 கி.மீ. ஓடுவோருக்கு ஆண்டுக்கு 21,000 ரூபாய். விலை வேறுபாடு 2 இலட்சம் எனில் ஒன்பதரை ஆண்டுகளிலும், 24,000 கி.மீ. ஓடுவோருக்கு ஐந்தாண்டுகளுக்குள்ளும் மீட்சி கிடைக்கும். கொண்டை ஊசி வளைவுகளில் கிளட்ச் மிதித்துக் களைத்தவர்கள் எப்படியும் தானியங்கிக் காரைத்தான் வாங்குவார்கள் எனில், அவர்களுக்கு இரண்டாம் கணக்கே உரியது. கைக்கியரே போதும் என்பவருக்கு முதற்கணக்கே உரியது.

ஆக, ஆண்டுக்கு 12,000 கி.மீ.-க்கும் குறைவாக ஓடும் குடும்பம் சேமிப்பை மட்டும் கருதி ஸ்ட்ராங் ஹைபிரிட் வாங்குவது கணக்குக்கு ஒத்துவராது. அமைதியான ஓட்டம், குறைந்த புகை, களைப்பின்மை ஆகியவற்றை விரும்பி வாங்குவது வேறு. அவ்விருப்பத்துக்கு எவ்வளவு தரலாம் என்பதை அக்குடும்பமே முடிவு செய்யட்டும்.

4. ஒரு வசதியின் உண்மை விலை

அடுத்த வேரியன்டுக்குச் செல்ல "ஒரு இலட்சம்தான் கூடுதல்" என்று விற்பனையாளர் கூறுவார். நம் கையிலிருந்து செல்வது ஒரு இலட்சத்தோடு நிற்பதில்லை.

கேரளத்தில் காரின் விலைக்கேற்பச் சாலைவரியின் விகிதம் படிப்படியாக உயர்கிறது. விகிதம் 17 விழுக்காடு எனக் கொண்டால், கூடுதலான ஒரு இலட்சத்துக்கு 17,000 ரூபாய் வரி சேரும். காப்பீட்டுக் கட்டணமும் சிறிது உயரும். அதை 3,000 ரூபாய் எனக் கொள்வோம். ஆக 1,20,000 ரூபாய். இத்தொகையை 9 விழுக்காடு வட்டியில் ஏழாண்டுக் கடனாகப் பெற்றால் மாதத் தவணை ஏறத்தாழ 1,931 ரூபாய் ஆகும். கடன் முடியும்போது நாம் செலுத்தியிருப்பது ஏறத்தாழ 1,62,000 ரூபாய். "இந்த வசதிக்கு ஒரு இலட்சத்து அறுபத்திரண்டாயிரம் தரத் தயாரா?" என்று கேட்டுக்கொண்டால் விடை பலமுறை மாறும்.

வரிப்படியின் எல்லையருகே இன்னும் கவனம் தேவை. 15 இலட்சம் வரை 15 விழுக்காடும், அதற்குமேல் 17 விழுக்காடும் வரி என வைத்துக்கொள்வோம். 14.80 இலட்சம் விலையுள்ள வேரியன்டுக்கு வரி 2,22,000 ரூபாய். 15.30 இலட்சம் விலையுள்ள அடுத்த வேரியன்டுக்கு வரி 2,60,100 ரூபாய். விலையில் வேறுபாடு 50,000 ரூபாயாக இருக்க, வரியில் மட்டும் 38,100 ரூபாய் கூடிவிடுகிறது. முன்பதிவு செய்வதற்குமுன் நடப்பு விகிதத்தை மோட்டார் வாகனத் துறையிடம் உறுதி செய்துகொள்ள வேண்டும்.

சரக்கு மற்றும் சேவை வரியைப் பற்றியும் ஒரு சொல். 2025 செப்டம்பர் 22 முதல் சிறிய கார்களுக்கு 18 விழுக்காடும், நான்கு மீட்டர் நீளத்தையோ 1,200 சி.சி. பெட்ரோல் எஞ்சின் அளவையோ மீறும் ஹைபிரிட் கார்களுக்கு 40 விழுக்காடும் வரி. மின்கார்களுக்குள்ள 5 விழுக்காட்டுச் சலுகை ஹைபிரிட்டுக்கு இல்லை. விலை 10 இலட்சத்தைத் தாண்டினால் விற்பனையாளர் 1 விழுக்காட்டை மூலத்தில் வசூலிப்பார். அதை வருமான வரிக் கணக்கில் ஈடுசெய்துகொள்ளலாம் என்பதால் இரசீதைப் பத்திரப்படுத்துவது நல்லது.

5. வசதிகளை மூன்றாகப் பிரிப்போம்

*கட்டாயம் வேண்டியவை.* உயிரைக் காக்கும் வசதிகள் எந்த வேரியன்டில் தொடங்குகின்றன என்று முதலில் பார்க்க வேண்டும். ஆறு காற்றுப்பைகள், வழுக்கலில் காரை நிலைப்படுத்தும் மின்னணுக் கட்டுப்பாடு, ஏற்றத்தில் நின்று கிளம்பும்போது பின்னோக்கி நகராமல் பிடிக்கும் வசதி, குழந்தை இருக்கையைப் பொருத்தும் ஐசோஃபிக்ஸ் கொக்கிகள், பின்கண்ணாடித் துடைப்பான் ஆகியவை மழையும் மூடுபனியும் மிகுந்த மலைச்சாலைக்கு இன்றியமையாதவை. முன்பு உயர்ந்த வேரியன்ட்களில் மட்டும் கிடைத்த ஆறு காற்றுப்பைகள் 2025 ஏப்ரலில் கிராண்ட் விட்டாராவின் எல்லா வேரியன்ட்களுக்கும் பொதுவாயின. அப்போதே அதன் ஸ்ட்ராங் ஹைபிரிட் முன்பைவிடக் குறைந்த வேரியன்டிலும் கிடைக்கத் தொடங்கியது. பழைய பட்டியலை வைத்து முடிவெடுக்கக் கூடாது என்பதற்கு இது சான்று. 2023 அக்டோபரில் தொடங்கிய பாரத் என்கேப் மதிப்பீட்டில், வாங்கவிருக்கும் கார் பெற்ற நட்சத்திரங்களையும் பார்த்துக்கொள்ளலாம்.

*பயன் கருதி வேண்டியவை.* டயர்க் காற்றழுத்தத்தைக் காட்டும் கருவி, பின்பக்கக் கேமரா, குறுகிய தோட்டப்பாதைகளில் திருப்ப உதவும் நாற்புறக் கேமரா, உயரத்தைக் கூட்டிக் குறைக்கும் ஓட்டுநர் இருக்கை, பனிவிளக்கு ஆகியவை இவ்வகையின. இவற்றில் சிலவற்றைப் பின்னர்த் துணைக்கருவியாகவும் பொருத்தலாம். ஆயினும் ஹைபிரிட் காரின் மின்கம்பிகளில் வெளிக்கடைகளில் கைவைக்க விடக் கூடாது. ஆரஞ்சு நிறக் கம்பிகளில் உயர்மின்னழுத்தம் ஓடுகிறது; உத்தரவாதமும் பாதிக்கப்படலாம். நிறுவனம் அங்கீகரித்த துணைக்கருவிகளை அங்கீகரிக்கப்பட்ட பணிமனையிலேயே பொருத்த வேண்டும்.

*விருப்பத்துக்கு உரியவை.* பரந்த சூரியக் கூரை, காற்றோட்ட இருக்கை, கண்ணாடியில் வேகங்காட்டும் திரை, கம்பியில்லாச் செல்பேசி மின்னேற்றி போன்றவை. சாந்தன்பாறையின் குளிர்ந்த காலநிலையில் காற்றோட்ட இருக்கைக்கு வேலை குறைவு. வாரந்தோறும் மதுரை வெயிலுக்குச் செல்வோருக்கு அதுவே பெரும் ஆறுதல். சூரியக் கூரையின் நீர்வடிகுழாய்களில் மரநிழலில் நிற்கும் காரின் இலைச்சருகுகள் அடைத்துக்கொள்ளக் கூடும். அவற்றை அவ்வப்போது துப்புரவு செய்ய வேண்டியிருக்கும். வசதி நல்லதா என்பதைவிட, நம் வழக்கத்துக்குப் பயன்படுமா என்பதே கேள்வி.

6. நான்கு சக்கர இயக்கமும் சுமையிடமும்

மலைவாழ் வாடிக்கையாளர்கள் மிகக் கவனமாக எடைபோட வேண்டிய இடம் இது. மேற்கூறிய இரு கார்களிலும் நான்கு சக்கர இயக்கம் மைல்டு ஹைபிரிட் வேரியன்டில்தான் வருகிறது. ஸ்ட்ராங் ஹைபிரிட்டில் முன்சக்கர இயக்கம் மட்டுமே. கூடுதல் மைலேஜும் சேற்றில் பிடிப்பும் ஒரே காரில் கிடைப்பதில்லை. மழைக்காலத்தில் வீட்டுவாசல் வரை மண்சாலை உள்ளவர்கள் பிடிப்பைத் தேர்ந்தெடுப்பதே அறிவு. தோட்டத்துக்கு ஜீப் தனியாக இருக்க, கார் தார்ச்சாலையில் மட்டும் ஓடும் என்றால் நான்கு சக்கர இயக்கத்துக்குப் பணம் கொடுக்கத் தேவையில்லை.

பாட்டரி பின்பகுதியில் அமைவதால் சுமையிடமும் குறைகிறது. மைல்டு ஹைபிரிட்டில் 373 லிட்டராக உள்ள இடம், ஸ்ட்ராங் ஹைபிரிட்டில் ஏறத்தாழ நூறு லிட்டர் குறைந்துவிடும். ஊருக்குச் செல்லும்போது கொண்டுபோகும் பைகளையும் பெட்டிகளையும் உடன் எடுத்துச் சென்று, ஷோரூமிலேயே அடுக்கிப் பார்ப்பதில் வெட்கமில்லை. பல ஹைபிரிட் கார்களில் பாட்டரியைக் குளிர்விக்கும் காற்றுத்துளை காரின் உட்புறத்தில் இருக்கும். அது எங்குள்ளது எனக் கேட்டறிந்து, மூட்டைகளால் அதை மறைக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

7. கடனை எந்த ஆண்டின் வருவாயால் அளப்பது?

மாதச் சம்பளக்காரருக்கு வருவாய் ஏறத்தாழ நிலையானது. ஏலம் பயிரிடுவோருக்கு அவ்வாறில்லை. 2019 ஆகஸ்டில் புற்றடி விற்பனை மையத்தில் ஏலக்காய் கிலோ 7,000 ரூபாய் வரை சென்றது. ஈராண்டுகளுக்குள் அதே ஏலக்காய் ஆயிரம் ரூபாயை ஒட்டி இறங்கியது. உச்ச விலையின் மகிழ்ச்சியில் உயர்ந்த வேரியன்டைத் தேர்ந்து ஏழாண்டுத் தவணைக்கு ஒப்புக்கொண்டவருக்கு, விலை வீழ்ந்த ஆண்டிலும் தவணை ஒரு ரூபாய்கூடக் குறையாது. நோய்க்கும் உரத்துக்கும் கூலிக்கும் வைத்திருந்த பணம் காருக்குச் செல்லும்.

ஆகவே நாம் பரிந்துரைக்கும் முறை இது. கடந்த ஐந்தாண்டுகளில் வருவாய் மிகக் குறைந்த ஆண்டை எடுத்துக்கொள்க. அவ்வாண்டின் குடும்பச் செலவு, தோட்டச் செலவு, ஏனைய கடன் தவணைகள் ஆகியவற்றைக் கழித்தபின் மிஞ்சும் தொகைக்குள் காரின் தவணை அடங்க வேண்டும். நல்ல ஆண்டின் உபரியை உயர்ந்த வேரியன்டில் போடுவதைவிட, முன்பணத்தைக் கூட்டுவதற்கோ அசலில் ஒரு பகுதியை முன்கூட்டிச் செலுத்துவதற்கோ பயன்படுத்தலாம். முன்கூட்டிச் செலுத்தக் கட்டணம் உண்டா, வட்டி நிலையானதா மாறுவதா என்பதைக் கையொப்பமிடும் முன் கிளை மேலாளரிடம் கேட்டறிக. கடன் காலத்தைப் பற்றியும் ஒரு கணக்கு: ஒரு இலட்சத்துக்கு 9 விழுக்காட்டில் ஏழாண்டுத் தவணை 1,609 ரூபாய், ஐந்தாண்டுத் தவணை 2,076 ரூபாய். மாதம் 467 ரூபாய் கூடுதலாகச் செலுத்தினால் மொத்த வட்டியில் பத்தாயிரம் ரூபாய்க்குமேல் மிஞ்சும்.

8. பதிவும் காப்பீடும்

எல்லையோரக் குடும்பங்களில் "தமிழ்நாட்டில் பதிவு செய்தால் வரி குறையுமே" என்ற பேச்சு எழுவதுண்டு. மோட்டார் வாகனச் சட்டப்படி, உரிமையாளர் வசிக்கும் இடம் அல்லது தொழில் நடத்தும் இடத்தில், வாகனம் வழக்கமாக நிறுத்தப்படும் மாநிலத்திலேயே பதிவு செய்ய வேண்டும். வேறு மாநிலத்தில் பன்னிரண்டு மாதங்களுக்குமேல் வைத்திருந்தால் அங்கு மறுபதிவு செய்ய வேண்டும். வரியும் அங்கு செலுத்த வேண்டும். குறைந்த வரியை எதிர்பார்த்து உயர்ந்த வேரியன்டை வாங்கியவர் பின்னர் இரண்டு முறை செலவழிக்க நேரிடும்.

புதிய காருக்கு மூன்றாம் நபர் காப்பீடு மூன்று ஆண்டுகளுக்கு மொத்தமாக எடுப்பது கட்டாயம். ஹைபிரிட் கார்களுக்கு அக்கட்டணத்தில் 7.5 விழுக்காடு தள்ளுபடி 2022 முதல் உண்டு. பத்திரத்தில் அது கழிக்கப்பட்டிருக்கிறதா எனச் சரிபார்க்கலாம். ஹைபிரிட் பாட்டரிக்கு உத்தரவாதம் எத்தனை ஆண்டு, எத்தனை கி.மீ. என்பதை எழுத்தில் பெற வேண்டும். ஹைரைடருக்கு அது எட்டு ஆண்டுகள் அல்லது 1,60,000 கி.மீ. ஏழாண்டுக் கடன் முடியும்வரை பாட்டரிக்கு உத்தரவாதம் இருப்பது கடன் பெறுவோருக்கு ஒரு பாதுகாப்பு.

9. முன்பதிவுக்கு முன் விடை காண வேண்டிய வினாக்கள்

1. நாம் ஆண்டுக்கு எத்தனை கி.மீ. ஓடுகிறோம்? அதில் மலைச்சாலை எவ்வளவு, சமவெளி எவ்வளவு?
2. கைக்கியர் போதுமா, தானியங்கி வேண்டுமா?
3. மழைக்காலத்தில் மண்சாலையில் கார் செல்ல வேண்டுமா?
4. கட்டாயம் வேண்டிய பாதுகாப்பு வசதிகள் யாவும் உள்ள, மிகக் குறைந்த விலை வேரியன்ட் எது?
5. அதற்கு மேற்பட்ட ஒவ்வொரு வசதிக்கும் வரி, காப்பீடு, வட்டி சேர்ந்து நாம் தருவது எவ்வளவு?
6. வருவாய் குறைந்த ஆண்டிலும் இத்தவணையைத் தடையின்றிச் செலுத்த இயலுமா?
7. ஹைபிரிட் பழுதுபார்க்கும் பயிற்சி பெற்ற பணிமனை எத்தனை கி.மீ. தொலைவில் உள்ளது?

இவ்வேழு விடைகளையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு ஷோரூமுக்குச் செல்வோர், பட்டியலின் நீளத்தைக் கண்டு திகைக்க மாட்டார்கள். நான்காம் வினாவின் விடையே பெரும்பாலான குடும்பங்களுக்கு ஏற்ற வேரியன்டாக இருக்கும். அதற்குமேல் செல்வதற்கு ஐந்தாம், ஆறாம் வினாக்களின் விடைகள் இடம் தந்தால் தாராளமாகச் செல்லலாம். அத்தாளோடு நம் கிளைக்கும் ஒருமுறை வந்தால், தவணைக் கணக்கை அலுவலர்கள் உடனிருந்து போட்டுக் காட்டுவார்கள். முன்பணம் கட்டிய பிறகு வருவதைவிட, அதற்கு முன்பே வருவது நல்லது.